ரோஸ்வித்தா ஏறாத பஸ்

ரோஸ்வித்தா எப்படி உயிரை எடுப்பாள் என்பது அவளோடு பஸ்ஸில் போய் வந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஹோஃப்வைலர் பழத்தோட்டச் சங்கத்தார் ஒவ்வொரு டிசம்பரிலும் ஜெர்மனியிலிருந்து ரைன் ஆற்றைத் தாண்டி, பிரான்ஸின் அல்சாஸ் கிராமங்களுக்குக் கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கப் போவோம். ஒரு நாள் போய், ராத்திரி விடுதியில் தங்கி, மறுநாள் திரும்புவோம். போவது என்னவோ நாங்கள் எல்லாரும். மேய்த்துக்கொண்டு போவது அவள்.

மேய்ப்பது என்றால் சும்மா இல்லை. பஸ்ஸில் வாசனை வருகிற எதையும் தின்னக் கூடாது. அந்த ஊர் மன்ஸ்டர் சீஸ் வாங்கினால் அது பஸ்ஸின் வயிற்றுக்குள் பெட்டிகளோடு பெட்டியாகத்தான் வர வேண்டும். பஸ்ஸில் கழிவறை உண்டு, ஆனால் பூட்டியிருக்கும், சாவி அவள் கழுத்தில் தொங்கும். அவசரம் என்று போய் நின்றால், "சந்தையில சுத்தினப்ப என்ன பண்ணின" என்று நம் வயதையும் பார்க்காமல் எல்லார் முன்னாலும் கேட்பாள். சந்தையில் சுடுஒயின் ஊற்றித் தருகிற குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுக்காவிட்டால் குவளை நம்முடையது, அவ்வளவுதான், ஊர் உலகமே அப்படித்தான் வீட்டுக்கு எடுத்துப் போகிறது. ரோஸ்வித்தாவுக்கு அது திருட்டு. "முன்பணம் வேற, விலை வேற" என்று பையைத் திறக்கச் சொல்வாள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை, கம்பளித் தொப்பிக்குள் சுருட்டி வைத்த குவளையோடு பாதிச் சந்தை தூரம் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவர் அதோடு சங்கத்தையே விட்டுவிட்டார்.

அப்புறம் எண்ணுவது. பஸ் கிளம்புமுன் முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு சீட்டின் தலைமாட்டையும் தட்டிக்கொண்டே போவாள், திரும்பித் தட்டிக்கொண்டே வருவாள். தூங்குகிறவன் மண்டையிலும் ஒரு தட்டு விழும். என் வீட்டுக்காரன் ஓய்கன் அந்த நேரத்தில் சீட்டில் இருக்கவே மாட்டான். எங்காவது ஒரு கொட்டகையில் கத்தி தீட்டுகிறவனோடு பேசிக்கொண்டு நிற்பான். "உன் புருஷன் தொலையறதுக்குன்னே பொறந்தவன்" என்று அவள் என்னைத்தான் திட்டுவாள். அவனைப் பெற்றது நானா.

அவளுக்கு இந்தப் பயணத்தை விட்டால் வேறு என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரில் யாருக்கு எங்கிருந்து என்ன வருகிறது என்று பார்த்தே வாழ்க்கையைக் கழித்தவள். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது போனது. அப்பாவும் போனார். பிறகு தபால் நிலையத்தையே மூடி, பேக்கரியின் ஒரு மூலையில் தராசு ஒன்றை வைத்து இதுதான் இனி தபால் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே தம்பி கனடாவில். அந்த வருடம்தான் அவள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, கிறிஸ்துமஸ் பயணத்தை நான் நடத்துகிறேன் என்றாள். அன்றிலிருந்து கோடையிலேயே விடுதிகளுக்குக் கடிதம் போடுவாள். அக்டோபரில் தனியாக ரயிலேறிப் போய் ஒவ்வொரு கிராமத்திலும் கழிவறை சுத்தமாக இருக்கிறதா, சாலையில் கல் பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். சும்மா சொல்லக் கூடாது, அவள் கூட்டிப் போன எந்த இடத்திலும் நாங்கள் ஆறிப்போன சூப் குடித்ததில்லை. ஆனால் சூடான சூப்புக்காக எத்தனை வருடம் ஒருத்தியிடம் குட்டு வாங்குவது?

சங்கத் தலைவன் வெண்டலினுக்குத்தான் முதலில் பொறுமை போனது. கூட்டம் அவன் வீட்டு நிலவறையில் நடந்தது. ரோஸ்வித்தாவுக்குச் சொல்லவில்லை. அடுத்த வருடத்திலிருந்து ஒரு சுற்றுலா கம்பெனியிடம் கொடுத்துவிடுவோம், எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், சிரித்த முகத்தோடு ஒரு பெண் வருவாள் என்றான். சிரித்த முகம் என்றதுமே எல்லாரும் கை தூக்கிவிட்டார்கள். நானும் தூக்கினேன். சரி, இதை அவளிடம் யார் சொல்வது என்று வந்தபோது எல்லாருடைய கண்ணும் என் மேல் விழுந்தது.

"நீ சங்கத்துச் செயலாளர், எல்ஃபி. அதுவும் பொம்பளை. பக்குவமா சொல்லுவ" என்றான் வெண்டலின்.

"தலைவர் நீயா நானா?"

"நான் சொன்னா சண்டையாயிடும். நீ சொன்னா பேச்சா இருக்கும்."

கசப்பான வேலை என்றால் மட்டும் இந்த ஆம்பிளைகளுக்குப் பொம்பளையின் பக்குவம் ஞாபகம் வந்துவிடும். ஏற்பாடு இதுதான். பயணத்தின் முதல் நாள் மாலை, ரிக்கவீர் கிராமத்திலிருந்து கிளம்பும்போது, வெண்டலின் முன்னால் போய் வழிகாட்டி சீட்டில் உட்கார்ந்து மைக்கை வாங்கிக்கொள்வான். 'கொஞ்சம் ஓய்வெடு' என்று ரோஸ்வித்தாவைப் பின்னால் அனுப்புவான். நான் பக்கத்தில் ஒரு இடம் போட்டு வைத்திருந்து, ராத்திரி தங்கப் போகிற ஊரான கெங்கன்பாக் போய்ச் சேர்வதற்குள் அவளிடம் சொல்லி முடிக்க வேண்டும். அன்று சந்தையில் வறுத்த பாதாம் வாங்கி, ஒன்றைக்கூட வாயில் போட முடியவில்லை.

ரிக்கவீரில் கூட்டமான கூட்டம். பஸ்களைக் கிராமத்துக்குக் கீழே திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய இடத்தில் நிறுத்தி வைப்பார்கள். இடம் கொஞ்சம், காத்திருக்கிற பஸ்கள் நிறைய. அதனால் அங்கே சாவடியில் உட்கார்ந்திருக்கும் ஆள், நேரமானால் வந்து ஜன்னலைத் தட்டி விரட்டுவான். நாங்கள் எல்லாரும் ஏறியாயிற்று. ஓய்கன் இல்லை. வழக்கம்தானே. ரோஸ்வித்தா தலைமாடுகளைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்து நின்றாள்.

"எங்கடி அவன்?"

"இருப்பான் எங்கயாவது. வந்துடுவான்."

"வந்துடுவான், வந்துடுவான். நீ உக்காரு. நான் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்" என்று பின்கதவு வழியாக இறங்கிப் போனாள். தெருமுனையில்தானே நிற்பான் என்று கோட்டைக்கூட மாட்டவில்லை, வெறும் கம்பளிச் சட்டையோடு போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் திராட்சைத் தோட்டத்துப் பக்கமிருந்து சேற்றுக் காலோடு ஓய்கன் வந்து ஏறினான். கையில் காகிதத்தில் சுற்றிய சீஸ்.

"ரோஸ்வித்தாவைப் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேனே. கோயில்கிட்ட நின்னு என் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டிருந்துச்சு. நான் நைஸா சந்துல பூந்து தோட்டம் வழியா வந்துட்டேன்" என்று சிரித்தான், ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி.

எனக்கு வந்த கோபத்தில் ஆரம்பித்தேன். சேறு, சீஸ், முப்பது வருடக் கல்யாணம், எதையும் விடவில்லை. அதற்குள் சாவடிக்காரன் வந்து ஜன்னலைத் தட்டினான். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. முன்னால் வெண்டலின் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் உங்க பக்கத்து ஆள் இருக்காங்களான்னு பாத்துக்கங்க" என்றான். பார்த்தார்கள். "இருக்காங்க" என்று பஸ்ஸே சேர்ந்து சொன்னது. நானும் பின்சீட்டில் சேற்றோடு உட்கார்ந்திருந்த என் ஆளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இருக்கு சனியன்" என்றேன். டிரைவர் ஸ்லாவ்கோ வண்டியை எடுத்தார்.

அந்த வண்டியில் அப்போது யார் யார் என்ன நினைத்தோம் என்பதைப் பிறகு உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். ஓய்கனுக்குப் பின்னாலேயே வந்து முன்கதவில் ஏறியிருப்பாள், வெண்டலின் பேச்சுக் கொடுத்து முன்னாலேயே உட்கார வைத்திருக்கிறான் என்று நான் நினைத்தேன். அவள் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று வெண்டலின் நினைத்தான். வழிகாட்டி சீட்டில் வெண்டலின் இருப்பதைப் பார்த்து, அந்த அம்மா பின்னால் யாரோடோ சண்டை போடுகிறார் என்று ஸ்லாவ்கோ நினைத்தார். மற்றவர்கள் எதுவுமே நினைக்கவில்லை.

சாலையில் பனிமூட்டம். வெண்டலின் எங்கள் சங்கத்துப் பேரிக்காய்ச் சாராயத்தை எடுத்து ஊற்றிப் பின்னால் அனுப்பினான். யாரோ பாட ஆரம்பித்தார்கள். ஓய்கன் சீஸைப் பிரித்தான், பஸ் முழுக்க நாறியது, ஒரு குரல் எழவில்லை. எனக்கு முன்சீட்டுக்காரி திரும்பி, "இந்த வருஷம் பயணம் எவ்வளவு நிம்மதியா இருக்கு, கவனிச்சியா எல்ஃபி?" என்றாள். "ஆமா, ரொம்ப நிம்மதி" என்றேன். எனக்குத்தான் எல்லாரையும்விட நிம்மதி. பக்கத்தில் போட்டு வைத்திருந்த இடம் காலியாகவே இருந்ததால், அந்தப் பேச்சைப் பேச வேண்டிய தொல்லை இன்றைக்கு இல்லை.

கெங்கன்பாக்கில் இறங்கியதும் எல்லாரும் சதுக்கத்துக்கு ஓடினார்கள். அங்கே நகரசபைக் கட்டிடத்தின் ஜன்னல்களைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் மாலைக்கு ஒன்றாகத் திறப்பார்கள். அண்ணாந்து பார்த்தோம், திறந்தது, கை தட்டினோம். அங்கிருந்து விடுதிக்கு நடந்துபோய் உட்கார்ந்தோம். ரோஸ்வித்தா கடிதம் போட்டு ஏற்பாடு செய்த நீள மேசை, சூடான சூப். ஒரு நாற்காலி கூடுதலாக இருந்தது. எல்லாருடைய கோட்டையும் அதன் மேல் குவித்தோம்.

சூப் பாதி இறங்கியபோது ஸ்லாவ்கோ உள்ளே வந்தார். ஒரு கையில் பழுப்புக் கைப்பை, ஒரு கையில் பச்சைக் கோட்டு.

"இது என் சீட்டுக்குப் பின்னாடி கொக்கியில தொங்குது. இந்தக் குளிர்ல அந்தம்மா கோட்டு இல்லாமலா வந்தாங்க?" என்றார்.

வெண்டலின் என்னைப் பார்த்தான். "உன்கூடத்தானே இருந்தா?"

"என்கூடவா? உன்கூடன்னுல்ல நெனச்சேன்."

மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது. ஓய்கன் மட்டும் மெதுவாக, "அப்ப கோயில்கிட்ட கத்தினது..." என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

கூப்பிடலாம் என்று போனைப் போட்டால், கைப்பைக்குள் மணி அடித்தது. பணம், அடையாள அட்டை, எல்லாம் அதற்குள். பஸ்ஸைத் திருப்பச் சொன்னான் வெண்டலின். ஸ்லாவ்கோ தலையை ஆட்டினார். "இன்னிக்கு என் ஓட்டும் நேரம் முடிஞ்சுபோச்சு. இதுக்கு மேல ஓட்டினா மெஷின்ல பதிஞ்சிடும், லைசென்ஸ் போயிடும்." சரி, விடுதிக்கார அம்மா தன் காரைத் தருகிறேன் என்றார். ஓட்டுவது யார்? மறுநாள் பஸ் ஓட்ட வேண்டிய ஸ்லாவ்கோவுக்கு ராத்திரி ஓய்வு கட்டாயம். தலைவனிலிருந்து தொடங்கி அத்தனை பேர் வாயிலும் பேரிக்காய்ச் சாராயம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற பாவத்துக்கு நான் ஒருத்திதான் குடிக்காதவள். "நீதான் பொம்பளை, பக்குவமா சொல்லுவன்னு மறுபடியும் சொல்லேன் பாக்கலாம்" என்று வெண்டலினிடம் சொல்லிவிட்டுச் சாவியை வாங்கினேன்.

வெங்காய வாடை அடிக்கிற அந்தக் காரில், பனிமூட்டத்தில், கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ஓட்டினேன். வழி முழுக்கத் திட்டினேன். ஓய்கனைத் திட்டினேன், வெண்டலினைத் திட்டினேன், கோட்டு மாட்டாமல் இறங்கிப்போன அவளையும் திட்டினேன். ரைன் பாலம் வந்தபோது திட்ட ஆள் தீர்ந்துபோய் என்னையே திட்டிக்கொண்டேன். அந்தக் குளிரில் அவள் எங்காவது விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்று வண்டியை இன்னும் விரட்டினேன்.

விழவெல்லாம் இல்லை. பஸ்கள் எல்லாம் போய்விட்ட அந்த வெட்டவெளியில் சாவடியில் மட்டும் வெளிச்சம். உள்ளே ரோஸ்வித்தா அந்த ஆளின் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தன் அல்சாஸ் ஜெர்மனில், "வந்துட்டீங்களா? முதல்ல கூட்டிட்டுப் போங்க. என் சாவியெல்லாம் வரிசைப்படி மாட்டி வச்சிருச்சு, இப்ப எது எங்க இருக்குன்னு எனக்கே தெரியலை. பஸ்ஸை எப்படி நிறுத்தணும்னு வேற பாடம்" என்றான். நன்றி சொல்லி அவளைக் காரில் ஏற்றினேன். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. கையோடு கொண்டுபோயிருந்த அவள் கோட்டைப் போர்த்திவிட்டேன். கிராமம் மறையும் வரை அவள் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, எனக்குப் பயமாக இருந்தது.

"போலீஸுக்கு போன் பண்ணச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"பண்ணறேன்னான். நான்தான் வேண்டாம்னேன். பேப்பர்ல வந்தா சங்கத்து மானம் போகும்." கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, "நான் இல்லைன்னு எங்க வச்சுத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"பாலம் தாண்டினதுமே."

"பொய் சொல்லாத. பாலம் தாண்டினதும் தெரிஞ்சிருந்தா எப்பவோ வந்திருப்ப."

"விடுதியில. சூப் குடிக்கிறப்ப."

"யாரு கேட்டது?"

"ஸ்லாவ்கோ. உன் கோட்டைப் பாத்துட்டு."

"டிரைவரு." அவள் கையை உரசிக்கொண்டாள். "எண்ணலையா யாரும்?"

"வெண்டலின் பக்கத்து ஆளைப் பாத்துக்கச் சொன்னான்."

"எனக்கு யாருடி பக்கத்து ஆளு?"

இதற்கு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்று காலையிலிருந்து வயிற்றில் கிடந்தது அத்தனையும் அப்போது வாய்க்கு வந்துவிட்டது. "யாரு உக்காருவா உன் பக்கத்துல? உக்காந்தா சும்மா விடறியா? சாவியைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, பையைத் தொறன்னு, மண்டையில தட்டி... நீ இல்லாம பஸ் நிம்மதியா இருந்துச்சு ரோஸ்வித்தா. ஏன் நிம்மதின்னுகூட எங்களுக்குத் தெரியலை. அவ்வளவு நிம்மதி. அடுத்த வருஷம் கம்பெனிக்காரனைக் கூப்பிடப் போறாங்க. அதை உன்கிட்டச் சொல்லத்தான் பக்கத்துல இடம் போட்டு வச்சிருந்தேன்."

சொல்லி முடித்ததும் காரை நிறுத்திவிட்டு எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

"தெரியும்" என்றாள். "வெண்டலின் பொண்டாட்டி பேக்கரியில உளறிட்டா. அறுவடைத் திருநாள் அப்பவே தெரியும். யாரு வந்து சொல்லப் போறாங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். நீயா இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"சாவடிக்காரன் போனைக் குடுத்தான்" என்றாள் அவளே. "யாருக்காவது பண்ணுன்னு. நம்பரெல்லாம் பையில. மனப்பாடமா தெரிஞ்சது ஒரே ஒரு நம்பர்தான். எங்க வீட்டு நம்பர்."

"உங்க வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அடிச்சேன். அவன் எதிர்ல நிக்கிறான், சும்மா நிக்க முடியுமா. நிறைய நேரம் அடிச்சுது."

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். "என் நம்பரை மனப்பாடம் பண்ணு" என்றேன்.

"இப்பவா?"

"இப்பத்தான். வீட்டு நம்பர். சொல்லு."

நான் சொல்ல அவள் சொன்னாள். தபால் நிலையத்தில் ஊர் விலாசமெல்லாம் தலையில் வைத்திருந்தவளுக்கு என் நம்பர் நிற்கவில்லை. கடைசி இரண்டு எண்ணை மாற்றி மாற்றிச் சொன்னாள். "அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினேன். "நீ வேகமா சொல்ற" என்று அவளும் கத்தினாள். அப்படியே கத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டி, ஊருக்குள் நுழையும்போதுதான் தப்பில்லாமல் சொன்னாள்.

விடுதியில் எல்லாரும் காத்திருந்தார்கள். நாற்காலியிலிருந்த கோட்டுகள் போய், அதன் எதிரே தட்டு வைத்திருந்தது. வெண்டலின் கிளாஸைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "அன்புள்ள ரோஸ்வித்தா, இந்தச் சங்கம் உனக்கு..." என்று ஆரம்பித்தான்.

"உக்காரு வெண்டலின். அடுத்த வருஷம் கம்பெனிக்காரனையே கூப்பிடு" என்றாள் அவள். கழுத்திலிருந்து கழிவறைச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ஓய்கனை மட்டும் ரெண்டு தடவை எண்ணச் சொல்லு." பிறகு உட்கார்ந்து சூப் குடித்தாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. வேண்டாம், நீயே நடத்து என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. ஓய்கன் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டிக் கூடையை நகர்த்தி வைத்தான். "சேறு" என்றாள் அவன் காலைப் பார்த்து.

பயணம் முடிந்து ஊர் திரும்பிய மறுநாள், நாங்கள் சூப் குடிக்க உட்காருகிற நேரத்துக்கு போன் அடித்தது.

"நம்பர் சரியா ஞாபகம் இருக்கான்னு பாத்தேன்" என்றாள்.

"சரியா இருக்கு. வை."

வைத்தாள். அதற்கு மறுநாளும் அடித்தது. அதிலிருந்து தினமும் அடித்தது. கம்பெனிக்காரன் அனுப்பிய தாளில் கொல்மார் ஊருக்கு முன்னால் எந்த இடத்திலும் கழிவறைக்கு நிறுத்தம் இல்லை, பேக்கரிக்காரி தபால்தலையை எச்சில் தொட்டு ஒட்டுகிறாள், தேவாலயத்து வாசலில் யாரும் பனியை வாரவில்லை. எனக்கு எதற்கு இதெல்லாம்? சூப் தினமும் ஆறிப்போனது. கிறிஸ்துமஸ் அன்றும் அடித்தாள். "யாரு?" என்று ஓய்கன் கேட்பான். "வேற யாரு?" என்பேன். "என்ன வேணுமாம்?" என்பான். "ஒண்ணும் வேண்டாமாம்" என்பேன். போனைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டால்தான் என்ன என்று ஓய்கனிடம் புலம்பாத நாள் இல்லை.

ஜனவரிக் கடைசியில் ஒரு சாயங்காலம் போன் அடிக்கவில்லை.

சூப்பை ஊற்றினேன். கரண்டியை எடுத்தேன். போனைப் பார்த்தேன். "அப்பாடா, இன்னிக்காவது சூடா குடிக்கலாம்" என்றான் ஓய்கன். போனை எடுத்து வேலை செய்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தேன், செய்தது. அவள் நம்பரைப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கோட்டை மாட்டினேன்.

"சாப்பிட்டுட்டுப் போயேன், ஒண்ணும் ஆகியிருக்காது" என்றான்.

"உன்னால ஒரு தடவை ஆனது போதாதா?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தெருவெல்லாம் பனிக்கட்டி. வழுக்கி வழுக்கிப் போய் மணியை அடித்தேன், கதவைத் தட்டினேன், பேர் சொல்லிக் கத்தினேன், எதிர்வீட்டில் திரை விலகியது. கடைசியில் கதவு திறந்தது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மூக்கு சிவந்துபோய் ரோஸ்வித்தா. தொண்டையைக் காட்டினாள். சத்தமே வரவில்லை, சளிக்காய்ச்சலில் குரல் சுத்தமாகக் கட்டிப்போயிருந்தது.

"குரல் போச்சுன்னா போனை எடுத்து சும்மா பிடிச்சிருக்கக் கூடாதா? அங்க நான் என்ன நெனைக்கிறது? படியில விழுந்து கிடக்கறியா, என்ன ஆச்சுன்னு..." மூச்சு வாங்கியதால் நிறுத்தினேன்.

அவள் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தினமும் அவள் போன் செய்கிற நேரம் தாண்டி முள் அதிக தூரம் நகர்ந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அங்கேயே கதவைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராத தொண்டையோடு அழுதாள்.

"அழாத, மூக்கு இன்னும் அடைச்சுக்கும்" என்று சொல்லி அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.